ஜாஃபர் என்பது யாருடைய பெயர்?





ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் உம்மம்மா வீடுதான். பகலெல்லாம் தோப்பும் கிணற்றடியும். மக்ரிபுக்குப் பின் முற்றத்துப் பாயில் பெரியவர்கள் சொல்லும் கிஸ்ஸா. இன்று அல்லாஹ் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு வசதியை விரித்துத் தந்திருக்கிறான். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைப்பவர்கள் மனைவி மக்களுடன் விமானம் ஏறுகிறார்கள். அமெரிக்காவில் பணிபுரியும் மகன் தன் பெற்றோரையும் தங்கை குடும்பத்தையும் நியூயார்க் நகருக்கு வரவழைக்கிறான். இதில் குறை காண நாம் வரவில்லை. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது.

நாம் பேச வந்தது அந்தப் பயணத் திட்டத்தில் அண்மைக் காலமாக இடம்பெறும் ஒரு மாலைப் பொழுதைப் பற்றி. சுதந்திர தேவி சிலை, எம்பயர் ஸ்டேட் கட்டடம், அவற்றோடு ஒரு மாலை 'பிராட்வே ஷோ' என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த மேடை இசை நாடகம் அது. எந்த நாடகம் என்று கேட்டால், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பலவும் தரும் விடை ஒன்றே: "அலாவுதீன், ஹஜ்ரத். நம்ம கதைதானே!"

அந்த 'நம்ம கதைதானே' என்ற சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை. அது நம் கதையன்று. நம்மைப் பற்றிப் பிறர் கட்டிய கதை. அதைக் காசு கொடுத்து நம் பிள்ளைகளின் நெஞ்சில் ஊன்றுவது, ஒரு மாலைப் பொழுது வீணாவதைவிடப் பெரிய இழப்பு என்று நாம் உறுதியாகக் கருதுகிறோம்.

இரண்டு அவசர விடைகள்

இந்தக் கேள்வி எழும்போது நம் வீடுகளில் இரண்டு விடைகள் உலவுகின்றன. ஒன்று: "ஹராம். முடிந்தது பேச்சு." மற்றது: "விடுமுறைதானே, குழந்தைகள்தானே, விடுங்கள்." இரண்டும் சிந்தனைக்குக் கதவடைக்கும் விடைகள்.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மையான இமாம்கள் நரம்புக் கருவிகளையும் குழல் கருவிகளையும் தடுத்திருக்கிறார்கள். திருமணத்திலும் பெருநாளிலும் தஃப் அடிப்பதற்கு இடமளித்திருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் போன்றோர் இசையைத் தடுக்கும் நபிமொழிகளின் தரத்தில் ஐயம் எழுப்பி, அதை அனுமதித்தார்கள். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, எது, எப்போது, யாருக்கு என்று பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார்கள். நம் காலத்தில் யூசுஃப் அல்கர்ளாவி நிபந்தனைகளுடன் அனுமதித்தார்கள். நாம் பெரும்பான்மை இமாம்களின் கருத்தையே கற்பிக்கிறோம், அதிலேயே நிற்கிறோம். ஆயினும், இத்தனை பக்கங்கள் எழுதி ஆராய்ந்த முன்னோரின் வழிவந்தவர்கள் பிள்ளையின் கேள்விக்கு ஒற்றைச் சொல்லை வீசிவிட்டு எழுந்து போவது எந்த ஊர் நியாயம்? காரணம் சொல்லப்படாத தடை, பிள்ளை தனியே விமானம் ஏறும் நாள் வரைதான் நிற்கும்.

இரண்டாவது விடை இதனினும் மோசமானது. விடுமுறை என்பது பள்ளிக்கூடத்திலிருந்து, மார்க்கத்திலிருந்து அன்று. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நம் குடும்பங்கள் மிகுதியாகப் பயணம் செய்யும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் நியூயார்க்கில் சூரியன் மறைவது இரவு எட்டு மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான்; ஜூன் இறுதியில் எட்டரை மணி. ஏழு மணிக்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம் ஓடும் நாடகத்தின் நடுவே மக்ரிப் வந்துவிடுகிறது. இடைவேளை கால் மணி நேரம். 

ஷாஃபிஈ மத்ஹபில் முஸாஃபிர், பயணத்துக்குரிய நிபந்தனைகள் இருந்தால், மக்ரிபுடைய நேரத்துக்குள் நிய்யத் வைத்து அதை இஷாவுடன் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அல்லாமல் அவ்வாறு சேர்த்துத் தொழ இடமில்லை. நுழைவுச்சீட்டு வாங்குமுன் இருக்கையிலிருந்து மேடை நன்றாகத் தெரியுமா என்று வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் தந்தையரில், அன்றைய மக்ரிப் எத்தனை மணிக்கு என்று பார்த்தவர் எத்தனை பேர்? அல்லாஹ் தந்த சலுகை பயணத்தின் சிரமத்துக்காக. அதை நாடக அரங்குக்கு ஏற்ற கால அட்டவணையாக மாற்றிக்கொள்வது அச்சலுகைக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

எனினும் நம் முதன்மையான வாதம் இசையைப் பற்றியதும் அன்று, நேரத்தைப் பற்றியதும் அன்று. இசையை அனுமதிக்கும் அறிஞரைப் பின்பற்றுவோரும், மக்ரிபை முறைப்படி தொழுதுவிடுவோரும்கூட இதற்கு விடை சொல்லியாக வேண்டும்: அந்த மேடையில் நம் பிள்ளைகள் யாரைப் பார்க்கிறார்கள்?

கதையைச் சொன்னவர் எங்கே?

'அலாவுதீன்' ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் இருந்த கதையன்று. அந்தக் கதைத்தொகுப்பைப் பிரெஞ்சில் பெயர்த்த அந்துவான் கலாண், 1709-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஹன்னா தியாப் என்னும் இளைஞரைச் சந்தித்தார். அவர் சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த அரபுக் கிறித்தவர். ஒரு பிரெஞ்சுப் பயணியின் மொழிபெயர்ப்பாளராக ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்தவர். அவர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளில் ஒன்றே அலாவுதீன். அலிபாபாவும் அவர் சொன்னதுதான். கலாண் தம் நாட்குறிப்பில் அவரைக் குறித்துவைத்தார். ஆனால் 1712-இல் அலாவுதீன் கதை அச்சேறியபோது சொன்னவரின் பெயரை அதில் சேர்க்கவில்லை. ஹன்னா தியாப் முதுமையில் அரபு மொழியில் எழுதிய பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் கிடந்தன. அந்த நூல் இந்த நூற்றாண்டில்தான் பிரெஞ்சிலும் பின்னர் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஆண்டுகள், உலகின் புகழ்பெற்ற கதையொன்றைச் சொன்ன மனிதருக்கு அக்கதையில் இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கலாண் எழுதிய கதையில் அலாவுதீன் வாழ்வது சீன நாட்டில்! அவனை ஏமாற்ற வரும் மந்திரவாதி மக்ரிப் தேசத்தான். அரபு நாட்டு நகரமும், பாலைவனமும், நடனப் பெண்களும் பின்னாள் மேடைகளும் திரைப்படங்களும் கொண்டுவந்து ஒட்டியவை. தமிழ்த் திரையும் இதற்கு விலக்கன்று. அலாவுதீனும் அற்புத விளக்கும் இங்கும் படமாயின. ஆகவே 'நம்ம கதை' என்று நாம் பெருமையுடன் சொல்வது எதை? சொன்னவரின் பெயரும் போயிற்று, சொன்ன ஊரும் போயிற்று. மிஞ்சியது தலைப்பாகையும் கம்பளமும்தான்.

இல்லாத நகரின்மீது குண்டு

இப்போது பிராட்வேயில் ஓடும் நாடகத்துக்கு மூலம் 1992-இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட கேலிச்சித்திரத் திரைப்படம். 42-ஆம் தெருவில், 1903-இல் கட்டப்பட்ட நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டரில் 2014 மார்ச் 20 அன்று நாடகமாக அரங்கேறியது. சுமார் 1,700 இருக்கைகள் கொண்ட அரங்கு அது. கதை நிகழும் ஊருக்கு 'அக்ரபா' என்று பெயர். அப்படி ஓர் ஊர் உலகில் எங்கும் இல்லை.

அந்தப் பெயர் வந்த வழியை அறிந்துகொள்ளுங்கள். படத்தின் தொடக்க வரைவில் நகரத்தின் பெயர் பக்தாத். 1991-இல் வளைகுடாப் போர் மூண்டது. அமெரிக்க விமானங்கள் உண்மையான பக்தாத்தின்மீது குண்டு பொழிந்தன. அந்தச் சூழலில் கதையின் நகருக்கு ஒரு கற்பனைப் பெயர் சூட்டப்பட்டது. நபிமொழி அறிஞர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் மருத்துவர்களும் வாழ்ந்த, அப்பாஸியரின் தலைநகரான பக்தாத் ஒருபுறம் எரிந்தது. மறுபுறம் அதன் நிழல் பாட்டும் கூத்துமாகத் திரைக்கு வந்தது.

படம் வெளிவந்தபோது அதன் தொடக்கப் பாடலில், முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் நாடு என்னும் பொருளில் ஒரு வரி இருந்தது. அரபு அமெரிக்கர்களின் அமைப்பு போராடியது. 1993-இல் வீடியோ வெளியானபோது அந்த வரி மாற்றப்பட்டது. ஆனால் அந்த நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்று சுட்டும் சொல் அப்படியே நின்றது. லெபனான் வழிவந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜாக் ஷாஹீன் 900-க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து 2001-இல் ஒரு நூல் வெளியிட்டார். அரபு மனிதனை மனிதனாகக் காட்டிய படங்கள் அவற்றுள் மிகச் சிலவே என்று நிறுவினார்.

"இதெல்லாம் கற்பனைதானே, யார் இதை உண்மையென்று நம்பப் போகிறார்கள்?" என்பீர்கள். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் பப்ளிக் பாலிசி போலிங் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் குடியரசுக் கட்சி வாக்காளர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: அக்ரபாவின்மீது குண்டு வீசுவதை ஆதரிக்கிறீர்களா? 30 சதவீதத்தினர் ஆதரிக்கிறோம் என்றார்கள். எதிர்த்தவர்கள் 13 சதவீதத்தினர் மட்டுமே. ஜனநாயகக் கட்சி வாக்காளரிலும் 19 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். இல்லாத ஊர்! கேலிச்சித்திரத்தில் மட்டுமே இருக்கும் ஊர்! அதன் பெயர் ஓர் அரபு ஊரைப் போல ஒலிக்கிறது என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்கள் அனைவரும் அந்தப் படத்தைப் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கதைப்பொருளாகவே காட்டி வந்தால், அவர்களின் ஊர் எரிவதும் கதையாகவே தோன்றிவிடும் என்பதே நாம் சொல்வது. அந்தப் பழக்கத்துக்குத்தான் நம் வீட்டுப் பிள்ளைகளையும் விழித்த கண் மூடாமல் உட்கார வைக்கிறோம்.

ஜாஃபர் என்பது யாருடைய பெயர்?

எம் மதரஸாவில் ஒரு நாள் அபிசீனிய ஹிஜ்ரத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மக்காவின் கொடுமை தாளாமல் கடல் கடந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷிகள் தூது அனுப்புகிறார்கள். நஜ்ஜாஷி மன்னரின் அவையில் முஸ்லிம்களின் சார்பாகப் பேச ஒருவர் எழுகிறார். அவர் பெயர் ஜாஃபர் என்று சொன்னதும் விடுமுறை கழித்துத் திரும்பியிருந்த ஒரு சிறுவன் கேட்டான்: "ஹஜ்ரத், ஜாஃபர் கெட்டவர்தானே?"

வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறுவன் குறும்புக்குக் கேட்கவில்லை. தான் கற்றதைத்தான் சொன்னான். கறுப்பு அங்கியும் பாம்புத் தலைக் கோலுமாக, சுல்தானை வஞ்சித்து இளவரசியை அடையத் துடிக்கும் அமைச்சனின் பெயர் ஜாஃபர் என்று அவன் கண்ணால் கண்டு, காதால் கேட்டு வந்திருக்கிறான். எம் பாடத்துக்கு முன்னரே அவனுக்கு வேறு பாடம் நடந்து முடிந்திருக்கிறது.

ஜாஃபர் யார்? நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தை அபூதாலிபின் மகன். அலீ (ரலி) அவர்களின் அண்ணன். அந்நிய மன்னரின் அவையில் அஞ்சாது நின்று, அறியாமையில் கிடந்த ஒரு சமூகத்தை அல்லாஹ்வின் தூதர் எப்படி மனிதர்களாக்கினார்கள் என்று எடுத்துரைத்தவர். மர்யம் அத்தியாயத்தின் வசனங்களை ஓதி அந்தக் கிறித்தவ மன்னரைக் கண்ணீர் சிந்த வைத்தவர். ஏழைகளைத் தேடித் தேடி உணவளித்ததால் ஏழைகளின் தந்தை என்று பெயர் பெற்றவர். ஹிஜ்ரி 8-இல் முஃதா போர்க்களத்தில் கொடி ஏந்திய கை வெட்டப்பட்டதும் மறு கையில் ஏந்தி, அதுவும் வெட்டப்பட்டதும் நெஞ்சோடு அணைத்து, ஷஹீதானவர். அக்கைகளுக்கு ஈடாகச் சொர்க்கத்தில் இரு சிறகுகள் அளிக்கப்பட்டதால் 'ஜாஃபர் தய்யார்' என்று இந்த உம்மத் அவரை அழைக்கிறது.

இமாம் ஜாஃபர் ஸாதிக் (ரஹ்) யார்? இமாம் அபூஹனீஃபாவும் இமாம் மாலிக்கும் யாரிடமிருந்து நபிமொழிகளை அறிவித்தார்களோ அந்தப் பெருந்தகை. ஆயிரத்தொரு இரவுகளிலேயே வரும் ஜாஃபர்கூடக் கொடியவர் அல்லர். கலீஃபா ஹாரூன் ரஷீதுடன் மாறுவேடத்தில் நகர்வலம் போகும் அமைச்சர். 1940-இல் வந்த 'பாக்தாத் திருடன்' என்னும் படம் அந்தப் பெயரைச் சூழ்ச்சிக்கார மந்திரவாதிக்குச் சூட்டியது. 1992-இன் படமும் அதே பெயரைக் கொடியவனுக்கு வைத்தது. இன்று மேடையில் அவன் கூக்குரலுக்கும் கைதட்டலுக்கும் நடுவே நிற்கிறான்.

நம் ஊர்களில் எத்தனை ஜாஃபர்கள்! ஜாஃபர் அலி, ஜாஃபர் சாதிக், முஹம்மது ஜாஃபர் என்று தந்தையர் ஆசையோடு வைத்த பெயர்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு முஃதாவின் கொடி நினைவுக்கு வர வேண்டுமா, பாம்புக் கோல் நினைவுக்கு வர வேண்டுமா? இதை முடிவு செய்யும் உரிமையை நாம் 42-ஆம் தெருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோமா?

ஜின்னைப் பற்றியும் ஒரு சொல். ஜின்கள் நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவர்கள். அவர்களிலும் நம்பிக்கையாளரும் மறுப்போரும் உண்டு. அவர்களுக்கும் விசாரணை உண்டு என்று குர்ஆன் கற்பிக்கிறது. அவர்களிடம் பாதுகாவல் தேடிய மனிதர்களை அவர்கள் மேலும் வழிகேட்டிலேயே ஆழ்த்தினார்கள் என்று 72-ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. மேடையிலோ ஜின் விளக்கிலிருந்து குதித்து, மூன்று வரம் தந்து, கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் கோமாளி. தேவையை அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்கப் பழக வேண்டிய வயதில், விளக்கைத் தேய்த்து வரம் கேட்கும் காட்சியே பிள்ளையின் மனத்தில் வண்ணமாகப் பதிகிறது. விளையாட்டுக் கதை என்பதைப் பிள்ளை அறியும். ஆனால் உண்மை எது என்பதை யார் சொன்னார்கள்? அதைச் சொல்லிக்கொடுக்காத வீட்டில் விளையாட்டுக் கதையே அகீதாவின் இடத்தில் வந்து அமர்கிறது.

எழும் மறுப்புகள்

"நாம் தமிழர்கள், அரபியர்களை எப்படிக் காட்டினால் நமக்கென்ன?" என்று ஒரு சகோதரர் எம்மிடம் கேட்டார். நாம் தமிழர்களே. ஐயமில்லை. 1572-இல் மதுரையில் 'ஆயிர மசலா' அரங்கேற்றிய வண்ணப் பரிமளப் புலவரும், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் நம் முன்னோர்கள். ஆனால் விமான நிலையத்தில் நம் கடவுச்சீட்டைப் புரட்டும் அதிகாரியின் கண்ணுக்குத் தெரிவது உமறுப் புலவரின் வாரிசு அன்று. அலாவுதீன், ஜாஃபர், யாஸ்மின் என்னும் பெயர்கள். அந்தப் பெயர்களுக்கு மேடை சூட்டிய பொருள் நம் தோளிலும்தான் ஏறி உட்காருகிறது.

"நாயகன் நல்லவன்தானே, நாயகியும் அறிவுள்ளவள்தானே? மேடை நாடகம் பழைய படத்தைவிட மென்மையானதுதானே?" என்பது மற்றொரு மறுப்பு. இருக்கட்டும். காலத்துக்கேற்பச் சொற்களை மாற்றிக்கொள்வதை நாம் மறுக்கவில்லை. போராடிய அரபு அமெரிக்கர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் அந்த ஊரில் பள்ளிவாசல் இருந்தும் தொழுவோர் உண்டா? மதரஸா உண்டா? நூலகம் உண்டா? காதலும் களவும் மந்திரமும் உள்ள ஊரில் அல்லாஹ்வின் பெயருக்கு என்ன இடம்? திட்டாமல் விடுவது மட்டும் நீதியாகிவிடாது. ஒரு சமூகத்தின் உயிரை எடுத்துவிட்டு உடையை மட்டும் காட்டுவதும் அநீதியே.

"நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் அபிசீனியர்களின் ஈட்டி விளையாட்டை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் காட்டவில்லையா?" என்று கற்றறிந்தோர் கேட்பார்கள். காட்டினார்கள், ஆயிஷா (ரலி) அவர்கள் போதும் என்று சலிக்கும் வரை பொறுமையுடன் நின்று காட்டினார்கள். இஸ்லாம் மகிழ்ச்சிக்குப் பகையன்று என்பதற்கு அது தெளிவான சான்று. ஆனால் அங்கே அபிசீனியர்கள் தங்கள் திறமையைத் தாங்களே காட்டினார்கள். அபிசீனியரைப் போல வேடமிட்டு வேறொருவர் ஆடிய ஆட்டம் அன்று அது. கெய்ரோவில் இப்னு தானியால் என்னும் கவிஞர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நிழற்கூத்து நாடகங்கள் எழுதினார் என்பதையும் நாம் அறிவோம். முஸ்லிம் உலகம் காட்சிக் கலை அறியாத பாலை அன்று. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: யார் சொல்கிறார்கள், யாரைப் பற்றி, எந்த நோக்கத்தோடு?

"நாம் நான்கு பேர் போகாவிட்டால் நாடகம் நின்றுவிடுமா?" நிற்காது. நாம் அதை நிறுத்தப் புறப்படவில்லை. நம் வீட்டுக்குள் நுழைவதை நிறுத்தவே எழுதுகிறோம்.

அந்த மாலையை என்ன செய்வது?

தடுத்துவிட்டு வழிகாட்டாமல் போவது ஆசிரியனுக்கு அழகன்று. பிராட்வேயில் ஒரு நுழைவுச்சீட்டின் சராசரி விலை 100 டாலரைத் தாண்டி ஆண்டுகள் பல ஆகின்றன. நால்வர் போனால் 400 டாலருக்கு மேல். நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாயைக் கடந்துவிடும். நம் ஊர்கள் பலவற்றில் மக்தப் உஸ்தாதுக்கு இரண்டு மூன்று மாதம் கொடுக்கும் சம்பளம் அது. பிள்ளைக்கு உண்மையான ஜாஃபரைச் சொல்லித் தருபவருக்கு அவ்வளவு. பொய்யான ஜாஃபரைக் காட்டுபவருக்கு ஒரே மாலையில் இவ்வளவு!

அதே நகரில் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அதன் இஸ்லாமியக் கலைக்கூடங்கள் 2011-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டன. இஸ்ஃபஹான் நகரின் ஒரு மதரஸாவில் ஹிஜ்ரி 755-இல் அமைக்கப்பட்ட மிஹ்ராப் அங்கே நிற்கிறது. மூன்று மீட்டருக்கும் மேல் உயரம், நீலமும் வெண்மையுமாக ஓடுகள் பதித்து, இறைவசனங்கள் சூழ. அது நிற்க வேண்டிய இடம் அருங்காட்சியகம் அன்றுதான். அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சற்று அப்பால் டமாஸ்கஸ் நகரத்து வீடொன்றின் வரவேற்பறை, பலகையும் வண்ணமும் கவிதை வரிகளுமாக அப்படியே பெயர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பொறித்த ஆண்டு 1707. ஹன்னா தியாப் அலெப்போவை விட்டுப் புறப்பட்டதும் அதே ஆண்டுதான். அலாவுதீன் கதையைச் சொன்னவர் வாழ்ந்த உலகம் எப்படி இருந்தது என்பதற்கு நாடக அரங்கின் அட்டை அரண்மனையைக் காட்டாதீர்கள். அந்த அறையின் முன் பிள்ளையை நிறுத்துங்கள்.

பிராட்வே என்னும் அந்தத் தெருவையே எடுத்துக்கொள்வோம். நாடக அரங்குகள் திரண்ட டைம்ஸ் சதுக்கத்திலிருந்து அதே தெருவில் வடக்கே சென்றால், 165-ஆம் தெருச் சந்திப்பில் ஆடுபோன் மண்டபம் இருந்த இடம் வருகிறது. 1964-இல் ஹஜ் செய்து, நிறவெறிக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டு திரும்பிய மால்கம் எக்ஸ், அல்ஹாஜ் மாலிக் ஷஹ்பாஸ், 1965 பிப்ரவரி 21 அன்று அங்கேதான் மேடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அங்கே அவருடைய பெயராலும் அவர் மனைவி பெட்டி ஷஹ்பாஸ் பெயராலும் ஒரு நினைவு மையம் இயங்குகிறது. ஒரு முஸ்லிம் பிள்ளை வாழ்நாள் முழுதும் நினைவில் வைக்க வேண்டிய பிராட்வே மேடை ஒன்று உண்டென்றால் அது இதுவே. சுரங்க ரயிலில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, விமானம் ஏறுமுன் நம் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிஸ்ஸாவைத் திரும்பக் கொண்டு வாருங்கள். உம்மம்மாக்கள் யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை இரவு இரவாகச் சொன்னபோது நம் பிள்ளைகளுக்கு விளக்கும் பூதமும் தேவைப்படவில்லை. இன்று அந்தப் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்கள் கையில் கைப்பேசி, பிள்ளைகள் கையிலும் கைப்பேசி. நாம் சொல்லாமல் விட்ட கதையின் இடத்தில்தான் பிறர் சொல்லும் கதை வந்து குடியேறுகிறது. டிஸ்னியைக் குறை சொல்வதற்கு முன் நம் வீட்டு முற்றத்தின் மௌனத்தைக் குறை சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டவர்களும், பார்த்துவிட்டு வந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எம் நோக்கமன்று. ஆனால் இன்று இரவே பிள்ளையை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். அக்ரபா என்று ஓர் ஊர் இல்லை, பக்தாத் என்று ஓர் ஊர் இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தக் கதையை அலெப்போவிலிருந்து வந்த ஓர் இளைஞர் சொன்னார், அவர் பெயரை மறைத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். ஜாஃபர் என்பவர் இரு கைகளையும் இழந்த பின்னும் கொடியை மண்ணில் விழ விடாதவர் என்று சொல்லுங்கள். உங்கள் தெருவில் ஒரு ஜாஃபர் இருப்பார். அவரைக் காணும்போது பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள்.

நம் சந்ததிகளுக்குத் தங்கள் முன்னோரை முன்னோராகவே அறியும் பேற்றை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. நம் பயணங்களையும் நம் ஓய்வையும் அவனுக்கு உவப்பானவையாக ஆக்குவானாக. ஆமீன்.